ஆட்டத்தின் நடுவே அகலுதல் முறையோ?

இணையவழி விளையாட்டு ஒன்றைக் குறித்து இவ்விதழில் எழுதப் புகுந்தமை அன்பர்களுட் சிலர்க்கு வியப்பையும், சிலர்க்கு வெறுப்பையும் தரக்கூடும். சீலத்தைப் பற்றியும் சமூகத்தின் உயர்வைப் பற்றியும் பேசவேண்டிய பக்கங்களில், பிள்ளைகள் திரைமுன் அமர்ந்து பொழுது போக்கும் ஒரு செயலுக்கு இடம் எதற்கு என்று அவர்கள் வினவுவர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணியவர்கள்தாம். ஆயினும் நம் சங்கத்து இளைஞர் ஐவரிடையே அண்மையில் மூண்ட பூசலொன்று, அற்பமென்று தள்ளிவிட இயலாத ஒரு வினாவை நம்முன் வைத்தது. ஒரு குழுவோடு சேர்ந்து ஒரு செயலைத் தொடங்கியவன் அதன் நடுவே எழுந்து போகலாமா? போகாமல் இருந்துகொண்டே அதனைக் கெடுக்கலாமா? இவ்விரண்டனுள் எது பெரும்பிழை?

நடந்ததை முதலிற் கூறிவிடுவோம். தங்கவயலிற் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்ட பின்னர், நம் பிள்ளைகளிற் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். வாரத்தில் ஆறு நாளும் ரயிலுக்கும் முதலாளிக்கும் போய்விடுகின்றன. எஞ்சுவது ஞாயிறு ஒன்றே. இவ்வைவரும் ஒரே பள்ளியிற் பயின்றவர்கள். ஞாயிறு காலை வந்தனை முடிந்ததும், கடைத்தெருவிலுள்ள ஒரு கணினி நிலையத்திற்குச் சென்று, மணிக்கு இவ்வளவென்று வாடகை கொடுத்து, 'டோட்டா 2' என்னும் ஆட்டத்தை ஓரிரு முறை ஆடுவது அவர்கள் வழக்கம்.

ஒரு ஞாயிறன்று அவ்வைவருள் இளையவர் ஆட்டத்திற் பலமுறை வீழ்ந்துபட்டார். மற்றையோர் கடிந்தனர். இருபதாம் நிமிடம் கடந்த நிலையில் அவர் தலையிற் பூட்டியிருந்த ஒலிக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நால்வரும் தோற்றனர். அடுத்த ஞாயிறு அவர் மீண்டும் வந்தார். இம்முறை இறுதிவரை இருக்கையை விட்டு அசையவில்லை. ஆனால் தம் வீரனைப் பகைவர் நடுவே தாமே நடத்திச் சென்று, வெட்டுண்டு விழச் செய்தார். எழுந்ததும் மீண்டும் அவ்வாறே செய்தார். இஃதென்ன என்று மற்றவர் சீறியபோது, "இந்த முறை நான் எழுந்து போகவில்லையே!" என்றாராம். அன்றுமுதல் அந்நால்வரும் அவரோடு பேசுவதில்லை. அவரும் இரு வாரமாக வந்தனைக்கு வரவில்லை. அவருடைய அன்னையார் வந்து நம்மிடம் முறையிட்ட பின்னரே இச்செய்தி நமக்குத் தெரிந்தது.

இவ்வாட்டத்தை அறியாத பெரியோர் பொருட்டு அதன் இயல்பைச் சிறிது விளக்குவோம். 'வார்கிராஃப்ட் 3' என்னும் கணினி விளையாட்டை ஆடியவர்களே அதனை மாற்றியமைத்து 2003-ஆம் ஆண்டளவில் உருவாக்கியது முதல் டோட்டா. அதன் வழியில் வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2013-இல் வெளியிட்டது டோட்டா 2. ஓர் அணிக்கு ஐவர், இரண்டு அணி. நூற்றிருபதுக்கும் மேற்பட்ட வீரர்களுள் தமக்கு வேண்டியவரை ஒவ்வொருவரும் தேர்ந்துகொள்வர். மூன்று பாதைகள் வழியே முன்னேறி, எதிரியின் நடுக்கட்டடத்தைத் தகர்ப்பவர் வென்றவராவர். ஓர் ஆட்டம் முடிய அரைமணி முதல் முக்கால் மணிவரை செல்லும். சிலபோது ஒரு மணியும் கடக்கும். ஒருவன் அகன்றால் அவனுக்குப் பதிலாக வேறொருவனை இறக்க வழியில்லை. கால்பந்தில் உள்ளதுபோல் வெளியே காத்திருக்கும் மாற்றாட்டக்காரர் இங்கு எவரும் இலர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நம் வினாவுக்கு அதுவே அடிப்படை. இவ்வாட்டத்தில் ஒருவன் வீழ்ந்தால் இழப்பு அவனோடு நிற்பதில்லை. வீழ்த்தியவனுக்குப் பொன்னும் பயிற்சியும் சேர்கின்றன. அவன் வலிமை பெருகுகின்றது. பெருகிய வலிமையோடு அவன் அடுத்து வந்து நிற்பது நம் தோழன் முன்னே. ஆதலின் வேண்டுமென்றே வீழ்பவன் தன் கையாற் பகைவனுக்குச் சோறூட்டுகின்றான். ஆடுவோரும் இதனை 'ஃபீடிங்', அதாவது ஊட்டுதல் என்றே வழங்குகின்றனர். பெயர் இட்டவர் எவரோ, பொருத்தமாகவே இட்டார்.

இது சிறுவர் விளையாட்டென்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வோம். இவ்வாட்டத்திற்கு 2011 முதல் நடைபெற்றுவரும் உலகப் போட்டியில், 2021-ஆம் ஆண்டின் பரிசுத்தொகை மட்டும் 4 கோடி அமெரிக்க டாலரைக் கடந்தது. 2023-இல் சீனத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதற்குப் பதக்கமும் வழங்கப்பட்டது. ஆயினும் பணத்தையும் பதக்கத்தையும் கொண்டு இதன் பெருமையை நிறுவுவது நம் கருத்தன்று. வாடகைக் கணினி முன் அமரும் ஐந்து கூலித் தொழிலாளர்க்கு அந்தக் கோடிகளால் ஆவது யாதொன்றுமில்லை.

இனி வினாவுக்கு வருவோம். எழுந்து போனவர் முதலிற் கூறிய விடை, "இது ஆட்டந்தானே!" என்பது. எங்கும் எவரும் கூறும் விடை இதுவே. இதில் ஒரு பாதி உண்மை உண்டு. திரையில் தோன்றும் கோட்டை பொய், வாள் பொய், வீழ்ந்தவன் சில நொடிகளில் எழுவதால் சாவும் பொய். இவற்றின் பொருட்டு ஒருவரும் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை. ஆனால் அத்திரைமுன் அமர்ந்திருக்கும் நால்வர் பொய்யல்லர். அவர்கள் செலவிட்ட நாற்பது நிமிடம் பொய்யன்று. ஆறு நாள் உழைத்தவனுக்கு ஏழாம் நாளிற் கிட்டிய நாற்பது நிமிடம் எத்துணை அருமையுடையது என்பதைத் தங்கவயல் ரயிலில் நின்றுகொண்டே பயணம் செய்பவன் அறிவான். கோட்டை இடிந்ததற்காக எவரும் குறைபட்டுக்கொள்ள வேண்டுவதில்லை. பிறர் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை தந்தவர் யார் என்பதே கேள்வி.

மேலும், இவ்வாட்டத்தில் எவரும் அறியாமற் சிக்கிக்கொள்வதில்லை. பத்துப் பேர் சேர்ந்ததும், 'இசைகின்றேன்' என்னும் பொத்தானைப் பதின்மரும் அழுத்தினாலன்றி ஆட்டம் தொடங்காது. ஒருவர் அழுத்தத் தவறினாலும் அவ்வாட்டம் கலைந்துவிடும். எழுத்தில் இட்ட கையொப்பம் அன்றாயினும், அஃது ஒரு வாக்கே. முகமறியாத ஒன்பது பேர், அவ்வொரு விரலழுத்தத்தை நம்பித் தம் பொழுதை நம்மிடம் ஒப்படைக்கின்றனர். முகமறியாதவர்க்குக் கொடுத்த வாக்கு முகமறிந்தவர்க்குக் கொடுத்ததினும் இளைத்தது என்று எந்த அறநூலும் கூறியதாக நாம் அறியோம்.

அகலுவோர் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மின்சாரம் நின்றுபோவதும் இணைப்பு அறுந்துபோவதும் நம் ஊரில் அன்றாட நிகழ்ச்சி; அதற்கு எவரையும் நோவதற்கில்லை. இணைப்பு அற்றவன் திரும்பிவர டோட்டாவில் ஐந்து நிமிடத் தவணையும் உண்டு. அவன் அதற்குள் வாரானாயின், எஞ்சிய நால்வரும் பழியின்றி வெளியேறலாம் என்பதும் விதி. வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தாரெனக் கேட்டு ஓடுபவனைப் பற்றிப் பேச்சே வேண்டுவதில்லை. அவன் ஓடாதிருந்தாற்றான் குற்றம். ஆனால் பத்து மணிக்கு வேறிடம் செல்லவேண்டும் என்று முன்னரே அறிந்தும், ஒன்பதரை மணிக்கு 'இசைகின்றேன்' என்று அழுத்துபவன் ஒருவன் உண்டு. அவன் பத்து மணிக்கு எழுந்து போவதைக் காட்டிலும், ஒன்பதரைக்கு அமர்ந்ததே பிழை. இதனைப் பலரும் கருதுவதில்லை.

எஞ்சி நிற்போர் சினத்தாலும் நாணத்தாலும் அகலுவோர். இவ்விரண்டனுள் நாணமே மிகுதி என்பது நம் கருத்து. தோல்வி வருவது தெளிவாகத் தெரிகின்றது; அதற்குக் காரணம் தான் என்பதும் தெரிகின்றது; அது நிகழும்போது அங்கிருக்க மனம் இசையவில்லை. ஆதலின் எழுந்துவிடுகின்றான். அவன் எழுந்ததாலே தோல்வி நின்றுவிடுகின்றதா? இல்லை. அதனைக் காணும் வேலையை மட்டும் நால்வர் தலையில் வைத்துப் போகின்றான்.

இதனைக் குறித்து நாம் பேசிக்கொண்டிருந்தபோது, படிப்பகத்திற்கு நாள்தோறும் வரும் முதியவர் ஒருவர் செவிமடுத்திருந்தார். அவர் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் சென்ற சாம்பியன் ரீஃப் முதலிய சுரங்கங்களிலே, ஆட்களை ஏற்றிய கூண்டைக் கம்பிவடத்தால் இறக்குவதும் ஏற்றுவதும் அவ்வேலை. "கூண்டு நடுவழியிலே தொங்கும்போது இருக்கையை விட்டு எழுந்தவன் ஒருவனையும் நான் கண்டதில்லை. வயிற்றுவலி வந்தாலும், மேஸ்திரி வந்து ஏசினாலும், கூண்டு நின்ற பிறகுதான் எழுவோம்" என்றார். பின்பு தாமே நகைத்து, "அங்கே உயிர் தொங்கியது, இங்கே என்ன தொங்குகிறது?" என்றும் கேட்டார். அவ்வொப்புமையை அளவுக்கு மேல் நீட்டலாகாது என்பதை அவரே உணர்ந்திருந்தார். நாமும் நீட்டவில்லை. ஆயினும் 'கூண்டு நின்ற பிறகுதான் எழுவோம்' என்னும் சொல் நம் நெஞ்சில் தங்கிவிட்டது.

அடுத்து, இருந்துகொண்டே கெடுப்பவனைப் பார்ப்போம். இவன் அகன்றவனினும் தீயவன் என்பதில் நமக்கு ஐயமில்லை. பகைவன் பகைவனாகவே எதிரில் நிற்கின்றான். அவனிடத்தில் ஒரு நேர்மை உண்டு. அகன்றவனும் தன் இடம் வெறுமையாயிற்று என்பதை வெளிப்படையாகக் காட்டிவிட்டே போகின்றான். நால்வரும் தம் நிலையை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளலாம். கெடுப்பவனோ தோழன் என்னும் பெயரை விடாமற் பிடித்துக்கொண்டு, அப்பெயரின் நிழலில் நின்று தோழரை வீழ்த்துகின்றான். நால்வரோடிருந்து ஐந்தாமவனாய்க் கணக்கிடப்படுகின்றான். கணக்கில் அவன் எதிரணியின் ஆறாமவன்.

விளையாட்டு நிறுவனங்கள் இவ்விரு தீமைகளையும் ஒடுக்கப் பல தண்டங்களை வகுத்துள்ளன. 2012-இல் வந்த 'கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்' என்னும் ஆட்டத்தில், நடுவே அகன்றவன் முதன்முறை 30 நிமிடமும், பின்னர் 2 மணியும், அதன்பின் 24 மணியும், மீண்டும் மீண்டும் செய்தால் 7 நாளும் போட்டியாட்டத்திற் சேரவியலாது காத்திருக்க வேண்டியிருந்தது. டோட்டாவிலோ, குற்றம் செய்தவரைத் தனி வரிசையிற் சேர்த்து, அங்கே குறித்த எண்ணிக்கையில் ஆட்டங்களை வென்ற பின்னரே பொது வரிசைக்குத் திருப்பி அனுப்புவர். குற்றம் செய்தவர் அனைவரையும் ஒருவரோடொருவர் ஆடவைத்து, அவர்கள் வென்றே வெளிவரவேண்டும் என்பது சற்றுக் குறும்பான தண்டந்தான். தன்னைப் போன்றவனே தனக்குத் தோழனாக வாய்க்கும்போது ஒருவன் கற்கும் பாடம் சிறிதன்று.

எனினும் இத்தண்டங்களில் ஒரு குறை உண்டு. அகன்றதைப் பொறி அறியும். இருக்கை வெறுமையானதை எண்ணுவது எளிது. ஆனால் உள்ளே இருப்பவன் உள்ளத்தைப் பொறி எவ்வாறு அறியும்? பழக்கமின்மையாற் பத்துமுறை வீழ்ந்தவனும், வஞ்சத்தாற் பத்துமுறை வீழ்ந்தவனும் கணக்கேட்டில் ஒரே எண்ணையே பெறுகின்றனர். ஆதலின் அகலுதலைக் கடுமையாகத் தண்டிக்குந்தோறும், அகல விரும்பியவன் உடலை அங்கேயே வைத்துவிட்டு உள்ளத்தால் மட்டும் அகலக் கற்றுக்கொள்கின்றான். நம் இளைஞர், "இந்த முறை நான் எழுந்து போகவில்லையே!" என்று கூறியதன் பொருள் இதுவே. முதல் வாரத்தில் 'ஓடிப்போனவன்' என்னும் பழி அவருக்குக் கிட்டியது. இரண்டாம் வாரத்தில் அப்பழிக்கு இடங்கொடாத வழியை அவர் கண்டுபிடித்தார். விதியின் எழுத்து காக்கப்பட்டது. நால்வரும் முன்னிலும் மோசமாகத் தோற்றனர்.

எண்ணமே வினையாகும் என்பது நமக்குப் புதிய போதனையன்று. செயல் ஒன்றாயிருக்க எண்ணம் வேறாயிருக்கும் என்பதற்குக் கால்பந்து வரலாற்றிலே விந்தையான சான்றொன்று உண்டு. 1994-ஆம் ஆண்டு சனவரியிற் கரிபியன் கோப்பைத் தகுதிப் போட்டியில் பார்படோசும் கிரெனடாவும் மோதின. இரண்டு கோல் வேறுபாட்டில் வென்றாலன்றி பார்படோசு மேற்செல்ல இயலாது. கூடுதல் நேரத்தில் அடிக்கும் கோல் இரண்டாகக் கணக்கிடப்படும் என்பது அப்போட்டியின் விசித்திர விதி. இரண்டுக்கு ஒன்று என்று முன்னணியிலிருந்த பார்படோசு, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், பந்தைத் தன் சொந்தக் கோலிலேயே அடித்துச் சமனாக்கிக்கொண்டது. அதன்பின் கிரெனடா எந்தக் கோலில் அடித்தாலும் அதற்கு ஆதாயம் என்றாகிவிடவே, பார்படோசு வீரர்கள் இரண்டு கோல்களையும் காத்து நின்றனர். கூடுதல் நேரத்தில் அவர்களே வென்றனர். தன் கோலில் தானே பந்தடித்தவன் அணியைக் கெடுத்தவனா? இல்லை. அணியினரின் வெற்றியே அவன் நோக்கம். பழி விதியை வகுத்தவரைச் சாரும். கண்ணுக்குத் தெரியும் செயலை மட்டும் கொண்டு ஒருவனைக் கெடுப்பவன் என்று தீர்ப்பது எத்துணை இடர் என்பதற்காகவே இதனைக் கூறினோம். கைவராத ஒரு புதியவனை, 'வேண்டுமென்றே வீழ்கிறாய்' என்று நால்வர் கூடிக் குற்றஞ்சாட்டுவது நாள்தோறும் நடப்பது. மெய்யாகவே கெடுப்பவனாக அவன் மாறுவதற்கு அதுவே முதற்படியாகின்றது.

'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' என்னும் ஆட்டத்தை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனத்தார் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்து, 2011-இல் ஆட்டக்காரர்களையே நடுவராக்கி, முறையீடு வந்த ஆட்டங்களைப் படித்துப் பார்த்துத் தண்டிக்கவோ விடுவிக்கவோ வாக்களிக்கச் செய்தனர். அம்முறை சில ஆண்டுகளுக்குப்பின் நிறுத்தப்பட்டது. 2012-இல், நன்கு நடந்துகொண்ட தோழனையும் எதிரியையும் ஆட்ட முடிவிற் பாராட்டும் முறையொன்றை அமைத்தனர். இம்முறை நம் மனத்திற்கு உகந்ததாயினும், பாராட்டுக்காக நல்லவனாயிருப்பவன் எவ்வளவு காலம் நல்லவனாயிருப்பான் என்னும் ஐயம் நமக்கு உண்டு. அவ்வாட்டத்தில் மற்றொரு நல்வழி உள்ளது. வெல்ல வழியில்லை என்று தோன்றினால், ஐவரும் வாக்களித்து, குறித்த நேரத்திற்குப்பின் நால்வர் இசைந்தாலே ஒருமித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டு வெளியேறலாம். தனியொருவன் எழுந்து போவதும், தோழரைக் கேட்டு, அவர் இசைவோடு அனைவரும் சேர்ந்து எழுவதும் ஒன்றாகா.

இந்நிலையில், நம்மிடம் வந்திருந்த அவ்விளைஞர் ஒரு கேள்வியை எழுப்பினார். அதுவரை ஆசிரியர் போலப் பேசிக்கொண்டிருந்த நாம், அக்கேள்வியின் முன் சற்று நேரம் வாயடைத்திருந்தோம். "ஐயா, அவமதிக்கும் இடத்தை விட்டு வெளியேறுவது தவறென்றால், நம் தாத்தாமார் செய்ததும் தவறுதானா?" என்பதே அது.

அன்பர்களே, இக்கேள்வியை எளிதாகக் கடந்துவிட முடியாது. நாம் வெளியேறியவர்களின் வழித்தோன்றல்கள். வெளியேறுதலே நம் மரபில் மாண்புடைய செயல். முகமறியாதாரோடு ஆடும் ஆட்டங்களில், ஒலிவாங்கி வழியே சாதிப் பெயர் சொல்லி ஏசும் ஈனர் இன்றும் உளர். பெயரைக் கேட்டும், ஊரைக் கேட்டும், பேச்சின் சாயலைக் கேட்டும் இழிமொழி வீசுவர். அத்தகையோர் அணியில் நாற்பது நிமிடம் அமர்ந்திருந்து அவர்தம் வெற்றிக்கு உழைப்பதுதான் அறமா? அன்று என்றே திட்டமாகக் கூறுகின்றோம். அவன் வாயை அடைக்கும் பொத்தான் உண்டு; முறையிடும் வழியும் உண்டு. அவற்றைக் கையாண்ட பின்னும் மனம் பொறுக்கவில்லையானால் எழுந்துவிடலாம். வரும் தண்டத்தை ஏற்றுக்கொள்ளலாம். அதனால் வாக்குத் தவறியவன் ஆகமாட்டான். வாக்கை முதலில் முறித்தவன் ஏசியவன்.

ஆயினும் நம் முன்னோர் வெளியேறிய முறையை அவ்விளைஞர்க்கு நினைவூட்டினோம். பாபாசாகிப் அம்பேத்கர் 1927-இல் மகாடுவில் குளத்து நீருக்காகப் போராடினார். 1930-இல் நாசிக்கில் காலாராம் கோயில் வாயிலில் அறப்போர் தொடங்கினார். உள்ளிருந்து கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுப் பார்த்தார். 1935 அக்டோபர் 13-ஆம் நாள் ஏவலா மாநாட்டில், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று உலகறியக் கூறினார். அதற்குப்பின் 21 ஆண்டுகள் ஆராய்ந்தார். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியிற் புத்த தம்மத்தைத் தழுவியபோது, பல இலட்சம் மக்களும் உடன் வந்தனர். இதில் எவரையும் நட்டாற்றில் விட்டு அவர் எழுந்து போகவில்லை. சொல்லாமற் போகவுமில்லை. உள்ளேயே இருந்துகொண்டு வஞ்சமாகக் கெடுக்கவுமில்லை. தம்மை நம்பியவர்களைத் தம்மோடு கூட்டிக்கொண்டு, முன்வாயில் வழியே வெளியேறினார். இளைஞர் எழுந்து போனபோது விட்டுச் சென்றது யாரை? தம்மை இழிவுசெய்த ஒரு கூட்டத்தையா, ஒரே ரயிலில் நின்று செல்லும் நான்கு தோழரையா? இதனை நாம் கேட்டோம். அவர் உடனே மறுமொழி கூறவில்லை.

எதிர்ப்பைக் காட்டவே கெடுத்தோம் என்று கூறுவோரும் உண்டு. 2002 அக்டோபர் 31-ஆம் நாள் மடகாஸ்கரில் ஓர் அணி, நடுவரின் முந்தைய தீர்ப்பொன்றைக் கண்டிக்கும் முகத்தான், ஆட்டம் முழுதும் தன் கோலிலேயே பந்தடித்து 149-க்குப் பூச்சியம் என்று தோற்றது. அவ்வணியினர் ஒரு மனப்பட்டே அதனைச் செய்தனர் என்பதை ஒப்புவோம். ஆயினும் எதிரே நின்ற அணியினர் செய்த குற்றம் யாது? காசு கொடுத்துக் காண வந்தவர் செய்த குற்றம் யாது? நடுவர்மேற் கொண்ட சினத்திற்கு அவர்கள் பொழுதைப் பலியிட்டது நமக்கு உடன்பாடன்று.

நால்வரையும் தனித்தனியே அழைத்து உசாவியபோது, அதுவரை ஒருவரும் கூறாத ஒரு செய்தி வெளிப்பட்டது. இளையவர் எழுந்து போகுமுன், நால்வருள் ஒருவர், "போ, எழுந்து போ! நாங்கள் நாலு பேரே ஆடிக்கொள்கிறோம்" என்று கத்தியிருக்கின்றார். மற்ற மூவரும் நகைத்திருக்கின்றனர். பார்க்கப்போனால், அவர் ஓடிப்போகவில்லை, சொன்னபடி செய்தார்!

இதனைக் கேட்டபோது நம் நினைவுக்கு வந்தது 1981 பிப்ரவரியில் மெல்பர்னில் நடந்த டெஸ்ட் ஆட்டம். 70 ஓட்டங்கள் எடுத்திருந்த சுனில் கவாஸ்கர், டென்னிஸ் லில்லியின் பந்தில் எல்.பி.டபிள்யூ. என்று தீர்க்கப்பட்டார். பந்து தம் மட்டையிற் பட்டது என்பது அவர் கட்சி. சினத்தோடு சென்றவர் தம்முடன் ஆடிய சேத்தன் சவுகானையும் வெளியே வருமாறு அழைத்துச் சென்றார். இருவரும் எல்லைக் கோட்டைக் கடந்திருந்தால் இந்தியா ஆட்டத்தையே இழந்திருக்கும். அணி மேலாளர் துரானி எல்லைக் கோட்டருகே எதிர்கொண்டு நின்று, சவுகானைத் திருப்பி அனுப்பினார். ஆட்டம் தொடர்ந்தது. வெற்றிக்கு 143 ஓட்டங்களே தேவைப்பட்ட ஆஸ்திரேலியா, 83 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழந்தது. காலில் வலியோடு பந்துவீசிய கபில்தேவ் 28 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தாம் வெளியேற முயன்றது தவறென்று கவாஸ்கர் பிற்காலத்தில் வருந்தினார். ஆனால் அவர் கூறிய மற்றொன்றை மறத்தலாகாது. நடுவர் தீர்ப்பை விட, தாம் செல்லும்போது ஆஸ்திரேலிய வீரர்கள் 'ஒழிந்து போ' என்னும் பொருள்பட ஏசியதே தம்மை நிலைகுலையச் செய்தது என்றார்.

அங்கே ஏசியவர் எதிரணியினர். இங்கே ஏசியவர் தோழர். ஒருவன் எழுந்து போனதை மட்டும் குற்றமாக எண்ணி, அவனை எழுப்பிய சொல்லைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது அரைகுறைத் தீர்ப்பாகும். தன் அணியில் வலிமை குன்றியவனை அவமதித்தவனும் அணியைக் கெடுத்தவனே. ஐவரில் ஒருவனைச் செயலறச் செய்தவன் எதிரிக்கு ஊட்டியவனாகின்றான். அவன் விரல் மட்டும் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தது. இதனைப் பொறி அறியாது. தண்டமும் பெரும்பாலும் தீண்டாது. ஆதலின் முதற்கண் அந்நால்வரையே கடிந்துரைத்தோம். ஏசியவர் முதலில் வாதாடினார். ஆட்டச் சூட்டில் எவரும் அவ்வாறு பேசுவர் என்றார். 'ஆட்டந்தானே' என்று இளையவர் கூறியபோது ஒப்பாத நீவிர், இப்போது அதே சொல்லை எடுத்தாள்கின்றீரே என்று நாம் கேட்கவே, தலை கவிழ்ந்தார். பின்னர் இளையவரின் வீட்டுக்கு அவரே சென்று அழைத்து வந்தார். இளையவரும், முதல் வாரம் எழுந்து போனதற்கு வருந்தவில்லை என்றும், இரண்டாம் வாரம் செய்ததற்கே வெட்கப்படுவதாகவும் கூறினார். இப்பாகுபாட்டை நாம் அவருக்குக் கற்பிக்கவில்லை.

சென்ற ஞாயிறு வந்தனை முடிந்து அவர்கள் புறப்படும்போது, எஞ்சின் ஓட்டிய அம்முதியவர் வாயிலில் நின்று ஒவ்வொருவரையும், "தம்பி, நாற்பது நிமிடம் கையில் உண்டா?" என்று கேட்டார். நால்வர் உண்டு என்றனர். முன்பு கத்தியவராகிய ஐந்தாமவர் மட்டும் சற்றே எண்ணிப் பார்த்து, "இல்லை தாத்தா, பதினொரு மணிக்கு அக்காளை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும்" என்றார். ஆகவே அவர் ஆடவில்லை. கணினி நிலையத்தில் இளையவரின் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். நால்வரும், முகமறியாத யாரோ ஒருவரை ஐந்தாமவராகச் சேர்த்துக்கொண்டு ஆடினர்.